உடைந்து உடைந்து வளர்ந்த வண்டி

அரை மீற்றர் நீளம், நான்கைந்து கிலோ எடை. உள்ளங்கைக்குள் அடங்கும் ஓர் எஞ்சின். சாம்பல் கலந்த நீலப் புகை, காதைத் துளைக்கும் சத்தம், மூக்கில் ஏறும் இனிப்பான எண்ணெய் மணம். மேட்டில் ஏறி, ஆள் உயரத்துக்கு எழும்பி, நான்கு சில்லிலும் வந்து விழுந்து, ஒன்றும் நடக்காததுபோல ஓடும். இதுதான் நைட்ரோ மொன்ஸ்டர் ட்ரக். ரிமோட்டில் ஓடுகிறது என்பதற்காக இதை விளையாட்டுச் சாமான் என்று சொன்னால், வைத்திருப்பவர்களுக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. உள்ளே இருப்பது உண்மையான எரிபொருளில் ஓடும் உண்மையான எஞ்சின்.

இணையத்தில் இதைப் பற்றித் தேடினால் "எந்த மொடல் வேகம் கூட, எது விலை குறைவு" என்ற கேள்விகள்தான் அதிகம் வரும். நான் இங்கே வேறு ஒரு கேள்வியை எடுக்கிறேன். இந்த வண்டி எப்படி இந்த உருவத்துக்கு வந்தது? ஏன் ரயர் இவ்வளவு பெரிது, ஏன் எட்டு ஷொக் அப்சோர்பர், ஏன் பெற்றோல் இல்லாமல் இந்த விநோதமான எரிபொருள்? ஒவ்வொன்றுக்கும் விடை தேடிப் போனால் அங்கே ஏதோ ஒன்று உடைந்திருக்கிறது. உடைந்ததை ஒருவர் பெரிதாக்கினார். அப்போது அடுத்தது உடைந்தது. இந்த வண்டியின் வரலாறு அந்தச் சங்கிலிதான்.

பெயரே உடைப்பில் பிறந்தது

சின்ன வண்டியின் கதை பெரிய வண்டியில் தொடங்குகிறது. 1970களின் நடுப்பகுதி. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், சென் லூயிஸ் நகரத்துக்கு அருகில், பொப் சாண்ட்லர் என்பவர் நான்கு சில்லும் இழுக்கும் வண்டிகளுக்கான கடை ஒன்றை நடத்தினார். அவரிடம் 1974ஆம் ஆண்டு ஃபோர்ட் எஃப் 250 பிக்கப் ஒன்று இருந்தது. வார இறுதியில் அதைச் சேற்றிலும் மேட்டிலும் ஓட்டுவார். ஓட்டும்போதெல்லாம் ஏதாவது உடையும்.

கடையின் முகாமையாளர் ரொன் மக்ரூடர், உடைவதற்கெல்லாம் காரணம் அக்சிலரேட்டரை மிதிக்கும் சாண்ட்லரின் பெரிய கால்தான் என்று பகிடி பண்ணினார். அந்தப் பகிடியிலிருந்துதான் "பிக்ஃபுட்" என்ற பெயர் வந்தது. உலகின் மிகப் பிரபலமான மொன்ஸ்டர் ட்ரக்கின் பெயர், உண்மையில் "இவர் எல்லாவற்றையும் உடைக்கிறார்" என்ற புகார்.

சாண்ட்லர் உடைந்ததற்குப் பதிலாக அதே அளவு பாகத்தைப் போடவில்லை. பெரிய ரயர் போட்டார், அச்சு தாங்கவில்லை. இராணுவ வண்டியின் அச்சைப் போட்டார், எஞ்சின் போதவில்லை. எஞ்சினைப் பெரிதாக்கினார், இன்னும் பெரிய ரயரைச் சுற்றும் வலு வந்தது. பின் சில்லுகளும் திரும்பும்படி செய்தார். 1981இல் ஒரு வயலில் இரண்டு பழைய கார்களை நிறுத்தி, அவற்றின் மேல் ஏறி நசுக்கி, அதை வீடியோ எடுத்தார். அடுத்த ஆண்டு டெட்ரொயிட்டுக்கு அருகில் இருந்த பொன்டியாக் சில்வர்டோம் அரங்கில், 66 அங்குல ரயர்களோடு பிக்ஃபுட் பெருங்கூட்டத்தின் முன் கார்களை நசுக்கியது. 66 அங்குலம் என்றால் ஏறக்குறைய 168 சென்ரிமீற்றர். உங்களில் பலரின் உயரம். அந்த ரயர்கள் பந்தயத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல. வயலில் உரம் தூவும் வண்டிகள் சேற்றில் புதையாமல் போவதற்காகச் செய்யப்பட்டவை.

பிறகு வண்டிகள் பாயத் தொடங்கின. பழைய இரும்புச் சட்டகமும் தகட்டு ஸ்பிரிங்கும் அதைத் தாங்கவில்லை. 1989இல் வந்த எட்டாவது பிக்ஃபுட், குழாய்களால் பின்னிய சட்டகத்தோடும் நீண்ட தூரம் ஏறி இறங்கும் சஸ்பென்சனோடும் வந்தது. இன்று அரங்குகளில் நீங்கள் பார்க்கும் மொன்ஸ்டர் ட்ரக் எல்லாமே அந்த வழியில் வந்தவைதான்.

கையில் கம்பி இல்லாமல்

இனி ரிமோட். 1898இல் நியூயோர்க்கின் மடிசன் ஸ்குவேர் கார்டனில் நடந்த மின்சாரக் கண்காட்சியில், நிக்கொலா டெஸ்லா ஒரு தண்ணீர்த் தொட்டியில் சிறிய படகை மிதக்கவிட்டு, ரேடியோ அலையால் அதைத் திருப்பிக் காட்டினார். அதற்கான காப்புரிமை அதே ஆண்டு நவம்பரில் அவருக்குக் கிடைத்தது. பார்த்தவர்களில் பலருக்குத் தாங்கள் என்ன பார்க்கிறோம் என்று புரியவில்லை. அப்போது வீடுகளில் வானொலிகூட இல்லை.

பொழுதுபோக்காக இதைச் செய்தவர்கள் பிறகு வந்தார்கள். 1937இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வால்டர் குட், வில்லியம் குட் என்ற சகோதரர்கள் "கஃப்" என்று பெயரிட்ட மொடல் விமானத்தை ரேடியோவால் பறக்கவிட்டார்கள். கார்கள் விமானங்களுக்குப் பின்னால்தான் வந்தன. 1960களின் பிற்பகுதியில், விமானத்துக்குச் செய்த சிறிய எஞ்சின்களைச் சிலர் தரையில் ஓடும் சட்டகங்களில் பூட்டிப் பந்தயம் வைத்தார்கள். இது முக்கியம். நைட்ரோ காரின் எஞ்சின் சின்னதாக்கப்பட்ட கார் எஞ்சின் இல்லை. தரைக்கு இறக்கப்பட்ட விமான எஞ்சின். விமானத்தில் முகப்புக் காற்றே அதைக் குளிர்விக்கும். காரில் அந்தக் காற்று போதாது. அதனால்தான் நைட்ரோ காரின் எஞ்சின் தலையில் பெரிய அலுமினியச் செதில்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன.

இன்னொரு பழைய சிக்கல் இன்று மறந்துபோய்விட்டது. முன்பு ஒவ்வொரு ரிமோட்டும் ஒரு குறிப்பிட்ட அலைவரிசையில் பேசியது. ஐரோப்பாவில் பெரும்பாலும் 27 அல்லது 40 மெகாஹேர்ட்ஸ். ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் ரிமோட்டைத் திறந்தால், ஒருவருடைய வண்டி மற்றவருடைய சொல்லைக் கேட்கும். அதனால் ஓடுமிடத்தில் ஒரு பலகை இருக்கும். உங்கள் அலைவரிசைக்குரிய கிளிப்பை எடுத்துக்கொண்டால்தான் ரிமோட்டைத் திறக்கலாம். 2000களின் நடுப்பகுதியில் 2.4 கிகாஹேர்ட்ஸ் ரிமோட்டுகள் வந்தபின் அந்தப் பலகைகள் காணாமல் போயின.

பொறி இல்லாத தீ

கார் எஞ்சினில் எரிபொருளைப் பற்றவைக்க ஒரு பொறி வேண்டும். அதற்குப் பற்றரி, கம்பிச்சுருள் எல்லாம் வேண்டும். 1940கள் வரை மொடல் எஞ்சின்களும் அப்படித்தான் இருந்தன. சின்ன விமானம் இவ்வளவையும் சுமந்துகொண்டு பறக்கவேண்டும். பாதி எடை பற்றவைப்பதற்கே போய்விடும்.

இதை மாற்றியவர் நியூயோர்க்கைச் சேர்ந்த ரே ஆர்டன். 1947இல் அவர் "குளோ பிளக்" என்ற சிறிய பொருளைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். உள்ளே ஒரு சின்னப் பிளாட்டினச் சுருள். தொடங்கும்போது மட்டும் ஒன்றரை வோல்ட் பற்றரியை அதில் தொட்டுப் பிடிப்பீர்கள்; சுருள் சிவக்கும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் பற்றரியை எடுத்துவிடலாம். சுருள் அணையாது.

ஏன் அணையாது? எரிபொருளில் இருக்கும் மெதனோல் ஆவி பிளாட்டினத்தைத் தொடும்போது, பிளாட்டினம் ஊக்கியாக நின்று அந்த இரசாயன மாற்றத்தை வேகப்படுத்துகிறது, வெப்பம் வெளிவருகிறது. பிஸ்டன் அழுத்தும்போது வரும் சூடும் சேர்கிறது. இந்த இரண்டும் சேர்ந்து சுருளை அடுத்த சுற்று வரை சிவப்பாக வைத்திருக்கின்றன. பிளாட்டினத்தின் இந்தக் குணம் புதிதல்ல. 1823இலேயே ஜெர்மனியின் யேனா நகரில் டோபரைனர் என்ற வேதியியலாளர், ஐதரசன் வாயுவைப் பிளாட்டினத்தின் மேல் விட்டுத் தீ மூட்டி, அதை ஒரு விளக்காகவே செய்திருந்தார். அடுத்த முறை பாடசாலையில் ஊக்கி பற்றிப் படிக்கும்போது அலுப்படித்தால், உங்கள் ட்ரக்கின் தலையில் இருக்கும் அந்தச் சுருளை நினையுங்கள்.

போத்தலுக்குள் என்ன இருக்கிறது

"நைட்ரோ" என்று சொல்கிறோம், ஆனால் போத்தலில் பெரும்பங்கு மெதனோல். அதோடு நைட்ரோமெதேன், எண்ணெய்.

நைட்ரோமெதேன் எப்படி வலு தருகிறது என்பதைப் பலர் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள். ஒரு கிலோ நைட்ரோமெதேனில் இருக்கும் சக்தி, ஒரு கிலோ பெற்றோலில் இருப்பதில் கால்பங்கு அளவுதான். பிறகு எப்படி? எஞ்சினுக்குத் தட்டுப்பாடு எரிபொருள் அல்ல, காற்று. சிலிண்டருக்குள் ஒரு தடவை இவ்வளவு காற்றுத்தான் போகும். ஒரு கிலோ பெற்றோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு கிலோ மெதனோலுக்கு 6.4 கிலோ. நைட்ரோமெதேனுக்கு 1.7 கிலோ போதும். ஏனென்றால் அதன் மூலக்கூறுக்குள்ளேயே ஒட்சிசன் இருக்கிறது. தன் சாப்பாட்டைத் தானே கட்டிக்கொண்டு வருகிறது. ஆகவே அதே அளவு காற்றோடு பல மடங்கு எரிபொருளை எரிக்கலாம். கணக்குப் பார்த்தால், ஒரு கிலோ காற்றுக்குப் பெற்றோல் தருவதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் சக்தியை நைட்ரோமெதேன் தருகிறது.

மூன்றாவது பொருளில் ஒரு பழக்கமான ஆள் இருக்கிறார்: ஆமணக்கெண்ணெய். அம்மம்மா வயிற்றைச் சுத்தம் செய்யக் குடிக்கத் தந்து, நீங்கள் முகத்தைச் சுளித்த அதே எண்ணெய். இந்த எஞ்சினுக்குத் தனியாக எண்ணெய்த் தொட்டி கிடையாது; எரிபொருளோடு கலந்து வரும் எண்ணெய்தான் உராய்வைக் குறைக்கிறது. ஆமணக்கெண்ணெய் மெதனோலில் நன்றாகக் கரையும். கடும் சூட்டிலும் உலோகத்தை விட்டுப் போகாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். முதலாம் உலகப்போர் விமானங்களும் இதைக் குடித்துத்தான் பறந்தன. காஸ்ட்ரோல் என்ற எண்ணெயின் பெயரே "காஸ்டர்" என்ற ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்தது. இன்றைய நைட்ரோ எரிபொருள்களில் செயற்கை எண்ணெயோடு இதையும் சேர்ப்பது வழக்கம். உலகின் ஆமணக்கில் பெரும்பங்கு இந்தியாவில், குறிப்பாகக் குஜராத்தில் விளைகிறது. முதல் பந்தியில் சொன்ன அந்த இனிப்பான மணம் இதனுடையதுதான்.

ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லவேண்டும். மெதனோல் நஞ்சு. சிறிதளவு குடித்தாலே கண்பார்வை போகலாம், உயிரும் போகலாம். தோலாலும் உடலுக்குள் போகும். அதன் சுவாலை பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. கையுறை, திறந்த வெளி, பக்கத்தில் பெரியவர் ஒருவர் என்ற மூன்றும் இல்லாமல் போத்தலைத் திறக்கவேண்டாம். தம்பி தங்கச்சி இருக்கும் வீட்டில் அதைப் பூட்டி வையுங்கள்.

ஷிசுவோக்காவிலிருந்து டெக்சாஸுக்கு

ஜப்பானின் ஷிசுவோக்கா நகரத்தில் உள்ள டாமியா கொம்பனி 1976இல் தன் முதல் ரிமோட் காரை வெளியிட்டது: போர்ஷே 934. பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, அமெரிக்காவில் பிக்ஃபுட் உச்சத்தில் இருந்தபோது, டாமியா 1986இல் பிளாக்ஃபுட் என்ற ட்ரக்கையும், 1987இல் குளொட் பஸ்டர் என்ற ட்ரக்கையும் கொண்டுவந்தது. குளொட் பஸ்டரில் ஒவ்வொரு அச்சுக்கும் தனித்தனி மின்மோட்டர். நான்கு சில்லும் திரும்பும். உண்மையான மொன்ஸ்டர் ட்ரக்கைப் போலவே இருந்தது. ஆனால் அந்தக் காலத்துப் பற்றரியில் கொஞ்ச நிமிடங்கள்தான் ஓடும், பிறகு நீண்ட நேரம் சார்ஜ் பண்ணவேண்டும். பெட்டியில் பாகங்களாகத்தான் வரும்; நீங்களே கட்டவேண்டும்.

இந்த இரண்டு நிலைமையையும் 1999இல் டெக்சாஸின் டிராக்ஸாஸ் கொம்பனி மாற்றியது. அவர்களின் டி மாக்ஸ், கட்டி முடித்து ஓடுவதற்குத் தயாராகப் பெட்டியில் வந்தது. 2.5 சிசி நைட்ரோ எஞ்சின், தானாக மாறும் இரண்டு வேகக் கியர், ரிமோட்டால் போடக்கூடிய ரிவேர்ஸ், ஒவ்வொரு சில்லுக்கும் இரண்டாக எட்டு ஷொக் அப்சோர்பர். எரிபொருள் முடிந்தால் ஊற்றிவிட்டு உடனே மறுபடி ஓடலாம். கடைகளில் வரிசை நின்றது இதற்காகத்தான். சில ஆண்டுகளில் எச்.பி.ஐ கொம்பனி சாவேஜ் என்ற ட்ரக்கை 3.5 சிசி எஞ்சினோடும், இரண்டு செங்குத்துத் தகடுகளாலான சட்டகத்தோடும் கொண்டுவந்தது. 2004இல் டிராக்ஸாஸ் ரெவோவை வெளியிட்டது. அதில் ஷொக்குகள் நிமிர்ந்து நிற்காமல் படுத்துக் கிடந்தன. அந்தப் பத்து ஆண்டுகளும் நைட்ரோ மொன்ஸ்டர் ட்ரக்கின் பொற்காலம்.

உடைப்பதும் மாற்றுவதும்

தயாராக வந்த வண்டியை மக்கள் தயாராக வந்தபடி வைத்திருக்கவில்லை. ஏனென்றால் அது உடைந்தது.

டி மாக்ஸின் ரிவேர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் அதுதான் பெரிய கவர்ச்சி. ஆனால் ரிவேர்ஸுக்காக உள்ளே அதிகப் பற்சக்கரங்கள், இன்னொரு சேர்வோ மோட்டர். கடுமையாக ஓட்டியவர்களுக்கு அந்தப் பாகங்கள் தேய்ந்து பழுதாகின. அதனால் ரிவேர்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு முன்னோக்கி மட்டும் ஓடும்படி மாற்றும் பாகத்தொகுதிகள் விற்கப்பட்டன. பலர் வாங்கிப் பூட்டினார்கள். எடை குறைந்தது, சிக்கல் குறைந்தது. விற்பனைக்கு உதவிய அம்சத்தையே வைத்திருந்தவர்கள் நீக்கினார்கள்.

அடுத்தது அலுமினியம். பிளாஸ்டிக் சஸ்பென்சன் கை ஒன்று உடைந்தால், மினுங்கும் அலுமினியக் கையை வாங்கிப் பூட்டத் தோன்றும். பார்க்க அழகாக இருக்கும். அது உடையவும் மாட்டாது. ஆனால் மோதலின் விசை எங்கேயாவது போகத்தான் வேண்டும். முன்பு கையை உடைத்த விசை, இப்போது கையைத் தாங்கும் பெட்டியை உடைக்கும். முன்பு சில பவுணில் முடிந்த பழுது இப்போது வண்டியைப் பாதி கழற்றும் பழுதாகும். அனுபவப்பட்டவர்கள் வேறு வழிக்குப் போனார்கள்: வளைந்து திரும்பும் நைலோன் கை. அது விசையை எதிர்க்காமல் வாங்கி விடுகிறது. பலமான பாகம் வேறு, கடினமான பாகம் வேறு என்பதை இந்த ட்ரக்குகள் ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தன.

எஞ்சினைப் பெரிதாக்கியவர்களுக்குச் சாண்ட்லருக்கு நடந்ததே நடந்தது. கிளட்ச் கருகியது. கிளட்சை மாற்றினால் பற்சக்கரம் சிதறியது. இரும்புப் பற்சக்கரம் போட்டால் அச்சுத்தண்டு முறுகியது. கொம்பனிகளும் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தன. டி மாக்ஸின் பிந்திய பதிப்பு 3.3 சிசி எஞ்சினோடும், நீட்டிய சட்டகத்தோடும், பலப்படுத்திய பாகங்களோடும் வந்தது. வாங்கியவர்கள் வீட்டு மேசைகளில் செய்த திருத்தங்கள் பல, பின்னாளில் தொழிற்சாலையிலிருந்தே வந்தன.

அழகுபடுத்தலிலும் ஒரு வேடிக்கை உண்டு. வண்டியின் மேற்கூடு கண்ணாடிபோலத் தெளிந்த பொலிகாபனேற் தகடு. நிறத்தை உள்பக்கமாகத்தான் அடிப்பார்கள். வெளியே உரசினாலும் நிறம் போகாது. ஆனால் உள்ளிருந்து அடிப்பதால் வரிசை தலைகீழ். மேலே தெரியவேண்டிய கோடுகளையும் சுவாலைகளையும் முதலில் அடித்து, பின்னணி நிறத்தைக் கடைசியில் அடிக்கவேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத திருத்தங்கள் இன்னும் முக்கியம். எஞ்சின் நிமிடத்துக்கு 30,000 தடவை சுற்றும் அதிர்வில் திருகாணிகள் தானாகக் கழரும். அதனால் உலோகத்தில் போகும் ஒவ்வொரு திருகாணிக்கும் பூட்டுப் பசை. ரிமோட்டின் சமிக்ஞை அறுந்தால் எஞ்சின் முழு வேகத்தில் நின்றுவிடக் கூடாது. அதனால் வேகத்தைக் கீழே இழுக்கும் ஒரு சின்ன ஸ்பிரிங். ஐந்து கிலோ வண்டி மணிக்கு 60 கிலோமீற்றருக்கு மேல் ஆளில்லாமல் ஓடினால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். அந்த ஸ்பிரிங்கின் விலை ஒரு தேநீர் விலையிலும் குறைவு.

காதால் கேட்டு

நைட்ரோ எஞ்சினின் காபரேற்றரில் இரண்டு ஊசித் திருகாணிகள் உண்டு. ஒன்று வேகமாக ஓடும்போதும் மற்றது மெதுவாக ஓடும்போதும் எரிபொருளின் அளவைத் தீர்மானிக்கும். வலப்பக்கம் திருப்பினால் எரிபொருள் குறையும். சத்தம் கூர்மையாகும், வேகம் கூடும். இன்னும் கொஞ்சம் திருப்பலாம் என்று ஆசை வரும். ஆனால் எரிபொருள் குறைந்தால் எண்ணெயும் குறைகிறது. புகை மறையும், சூடு ஏறும், பிஸ்டன் அழியும். வெயில் நாளில் ஒரு அளவு, குளிர் நாளில் வேறு அளவு. கம்பியூட்டர் கிடையாது. புகையைப் பார்த்து, சத்தத்தைக் கேட்டு, கையால் திருத்தவேண்டும்.

இந்த வேலையை எங்கள் குடும்பங்களில் சிலர் முன்பே செய்திருக்கிறார்கள், விளையாட்டுக்காக அல்ல. 1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் போகாமல் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், மோட்டார் சைக்கிள்களும் பழைய கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை எழுப்பி, அது சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய்க்காகச் செய்யப்படாத எஞ்சினை அதில் ஓடவைக்க, சத்தத்தையும் புகையையும் பார்த்துப் பார்த்துத் திருத்தவேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய ஆள் பின்னால் இருக்கும்போது எஞ்சின் நின்றால், அது பகிடி அல்ல. அந்தக் காலத்தில் அங்கே வாழ்ந்த அப்பாவோ மாமாவோ உங்கள் வீட்டில் இருந்தால், ஒரு நைட்ரோ காபரேற்றரை அவர் முன்னால் வைத்துப் பாருங்கள். நீங்கள் மணிக்கணக்கில் வீடியோ பார்த்துப் படித்ததை அவர் இரண்டு நிமிடத்தில் சொல்லக்கூடும். அதோடு, நீங்கள் இதுவரை கேட்டிராத கதை ஒன்றும் வரக்கூடும்.

சட்டமும் பற்றரியும்

இன்று ஐரோப்பாவில் இருக்கும் வாசகர்களுக்கு எரிபொருள் மறுபடி ஒரு கேள்வியாகியிருக்கிறது. நைட்ரோமெதேன் வெடிமருந்துக்கும் பயன்படக்கூடியது. 1995இல் அமெரிக்காவின் ஒக்லஹோமா நகரத்தில் 168 பேரைக் கொன்ற குண்டில் அதுவும் இருந்தது. ஆகவே கட்டுப்பாட்டுக்குக் காரணம் இருக்கிறது. 2014 செப்ரெம்பரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் 30 வீதத்துக்கு மேற்பட்ட நைட்ரோமெதேனைப் பொதுமக்களுக்கு விற்பது கட்டுப்படுத்தப்பட்டது. 2021 பெப்ரவரி 1 முதல் அந்த எல்லை 16 வீதமாக இறங்கியது. பிரித்தானியாவும் 2023 ஒக்ரோபரில் 16 வீதத்துக்கு இறக்கியது. அதற்கு மேல் வேண்டுமென்றால் அனுமதிப்பத்திரம் வேண்டும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. சட்டம் சொல்லும் 16 வீதம் எடைக் கணக்கு. எரிபொருள் போத்தலில் பெரும்பாலும் கனவளவுக் கணக்குத்தான் போட்டிருக்கும். நைட்ரோமெதேன் மெதனோலை விடப் பாரமானது என்பதால், எடையில் 16 வீதம் என்பது கனவளவில் ஏறத்தாழ 12 வீதம்தான். பழைய வீடியோ ஒன்றில் "25 வீத எரிபொருள் ஊற்று" என்று கேட்டுவிட்டு வெளிநாட்டுக் கடையில் வாங்க முயன்றால், தெரியாமலே சட்டத்தை மீறலாம். உங்கள் நாட்டு விதியை முதலில் பாருங்கள்.

குறைந்த நைட்ரோவில் வண்டி ஓடாதா? ஓடும். எஞ்சின் தலைக்குக் கீழே இருக்கும் மெல்லிய வளையத் தகடு ஒன்றைக் கழற்றினால் அழுத்தம் கூடும். கொஞ்சம் சூடான வகைக் குளோ பிளக்கைப் போட்டு, ஊசிகளைப் புதிதாகத் திருத்தினால் எஞ்சின் பழகிக்கொள்ளும். வேகம் சிறிது குறையும், அவ்வளவுதான்.

நைட்ரோவை உண்மையில் பின்னுக்குத் தள்ளியது சட்டம் அல்ல, பற்றரி. லித்தியம் பொலிமர் பற்றரியும் பிரஷ் இல்லாத மோட்டரும் வந்தபின், மின்சார ட்ரக்குகள் நைட்ரோவை வேகத்தில் தாண்டின. 2009இல் சாவேஜ் ட்ரக்கே ஃப்ளக்ஸ் என்ற பெயரில் மின்சாரத்துக்கு மாறி வந்தது. 2015இல் டிராக்ஸாஸ் தன் மிகப் பெரிய ட்ரக்கான எக்ஸ் மாக்ஸை வெளியிட்டபோது, அதற்கு நைட்ரோ பதிப்பே இல்லை. சத்தமில்லை, நஞ்சில்லை, அயலவர் சண்டைக்கு வரமாட்டார். ஓடுவது மட்டும்தான் வேண்டும் என்றால் மின்சாரம்தான் சரியான தெரிவு; அதை நான் மறுக்கமாட்டேன்.

ஆனால் நைட்ரோ ட்ரக் சொல்லித்தருவதை அது முழுதாகச் சொல்லித்தராது. மின்மோட்டர் பழுதானால் பெரும்பாலும் புதிதாக ஒன்று வாங்குவீர்கள். நைட்ரோ எஞ்சின் நின்றால் ஏன் நின்றது என்று யோசிக்கவேண்டும்: காற்றா, எரிபொருளா, சூடா?

பழைய டி மாக்ஸும் சாவேஜும் இப்போது பாவித்த பொருள் விற்கும் இடங்களில் மலிவாகக் கிடைக்கின்றன. பலவற்றில் ஒன்றுமே பெரிதாக உடைந்திருக்காது. யாரோ பொறுமை இழந்து கராஜில் போட்டிருப்பார்கள். வாங்கப் போனால் குளோ பிளக்கைக் கழற்றாமல் ஃப்ளைவீலைக் கையால் சுற்றிப் பாருங்கள். குளிர்ந்த எஞ்சினில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது இறுகிப் பிடிக்கவேண்டும். அது நல்ல அடையாளம். தடையே இல்லாமல் சுற்றினால் சிலிண்டர் தேய்ந்துவிட்டது. சுற்றவே முடியாவிட்டால், ஓடி முடித்தபின் எண்ணெய் விடாமல் வைத்ததால் பெயாரிங் துருப்பிடித்திருக்கலாம். அதைக் கழற்றிச் சுத்தம் செய்யலாம். விலையைக் குறைத்துக் கேட்கவும் அது நல்ல காரணம்.

வாங்கிய முதல் மாதத்திலேயே ஏதாவது உடையும். அப்போது கடையின் பக்கத்தைத் திறந்து மிகப் பலமான பாகத்தைத் தேடுவதற்கு முன், உடைந்த துண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். விசை எந்தப் பக்கத்திலிருந்து வந்தது? இதைப் பலப்படுத்தினால் அது அடுத்து எங்கே போகும்? சாண்ட்லரின் கடையிலிருந்து இந்த வண்டியை வளர்த்தவை இந்த இரண்டு கேள்விகள்தான்.